பார்லி வயலில் ஒரு தடம்

ஞானசிகாமணி சாருக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு ஆவுடையம்மாளுக்கு முப்பத்தொன்பது. ஆவுடை ஒன்பதாம் வகுப்பு படித்த பள்ளிக்கு அப்போது அவர்தான் ஹெட்மாஸ்டர். காலம் இப்படியும் ஆளை மாற்றி உட்கார வைக்கும், யாரிடம் போய்ச் சொல்ல!

ஆவுடை பன்னிரண்டு வருஷமாக ஸ்பெயின் நாட்டின் மேற்குச் சமவெளியில் இருக்கிறாள். வசந்தகாலத்தில் பறவை பார்க்க வருகிறவர்களைக் காலையில் மலைக்குக் கூட்டிப்போய்ப் பாறை இடுக்கில் பிணந்தின்னிக் கழுகுகளைக் காட்டுவாள். வெயில் ஏறியதும் சமவெளிக்கு இறக்கிக் கூட்டிவருவாள். அதுதான் அவள் தொழில்.

சார் இவ்வளவு தூரம் வந்தது ஒரே ஒரு பறவைக்காக. பூனைப்பருந்து. பனிக்காலத்தில் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டின் மேல் தாழப் பறக்கும். முப்பது வருஷம் அதைப் பார்த்திருக்கிறார். பங்குனி வந்தால் கிளம்பிப் போய்விடும். நம் பக்கம் அது கூடு கட்டுவதே இல்லை. கூட்டைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று அவருக்குக் கவலை. அந்த நாட்டு வயல்களில் அது குஞ்சு பொரிக்கிறது என்று கேள்விப்பட்டதும் பழைய மாணவியைத் தேடி வந்துவிட்டார்.

ரோட்டோரக் கல்சுவருக்கு இந்தப்பக்கம் நின்று ஆவுடை தொலைநோக்கியைத் திருப்பி வைத்தாள்.

"பெண் பறவை அந்தப் பார்லிக்குள்ள அடைகாக்குது சார். ஆண் இரை கொண்டாந்து கூப்பிடும். இது எழும்பிப் போய் அந்தரத்துலயே வாங்கிக்கும். பாருங்க."

சாம்பல் நிற ஆண் வந்தது. கூப்பிட்டது. பழுப்புநிறப் பெண் பயிருக்குள்ளிருந்து கிளம்பி மேலே போய், அது நழுவவிட்ட எலியைப் பறந்தபடியே காலால் பிடித்துக்கொண்டது. சார் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார்.

"கூடு எங்கம்மா?"

"தரையில சார். பயிருக்குள்ள."

"முட்டையைப் பார்க்க முடியாதா?"

"முடியாது சார்."

"நீ பார்த்திருக்கியா?"

"இல்ல."

"பன்னிரண்டு வருஷமா இங்க இருக்கே!"

"நான் போய்ப் பார்க்காததாலதான் சார் வருஷா வருஷம் இங்க வருது."

மதியம் சாப்பிட்டதும் வந்தவர்கள் எல்லோரும் ஓக் மரத்தடியில் சாய்ந்தார்கள். சாருக்கு மட்டும் கண் மூடவில்லை. இருபத்திரண்டு வருஷம் பள்ளியை ஆண்ட மனுஷர். முடியாது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தான் பழக்கம். மெதுவாக எழுந்து, கல்சுவரைத் தாண்டி, இடுப்பளவு பார்லியை விலக்கிக்கொண்டு நேரே போனார்.

பறவை கத்திக்கொண்டு எழும்பியது. கீழே நாலு முட்டை, லேசான நீலம் பூத்த வெள்ளை. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆண் பறவை காலில் ஓணானோடு வந்தது. கூப்பிட்டது. பயிர் அசையவில்லை. ஒரு வட்டம் சுற்றி மறுபடி கூப்பிட்டது.

கல்சுவரிலிருந்து வயலுக்குள் நேராக ஒரு தடம் போயிருந்தது. ஆவுடை அதன்வழியே போய்த் திரும்பி வந்தாள். சாரின் உள்ளங்கையில் இரண்டு பழுப்பு இறகுகளை வைத்தாள்.

"நரி சார். ராத்திரி வந்திருக்கு. முட்டை ஒண்ணுகூட இல்ல."

"பெண் பறவை?"

"கூட்டை விட்டு எழும்பாம இருந்திருக்கும். அதையும் கொண்டுபோயிருச்சு."

சார் இறகைக் கைக்குள் மூடினார். "நான்தாம்மா போனேன்," என்றார்.

"தெரியும் சார்."

"நான் எதையும் தொடலையே. முட்டை மேல என் நிழல்கூட விழலை. நரி எப்படி வந்துச்சு?"

"பயிர் சாஞ்சு கிடந்தா நரி அதுல நடந்து பார்க்கும். தடம் எங்க முடியுதோ அங்க ஏதோ இருக்குன்னு அதுக்குத் தெரியும்."

"கெட்ட எண்ணத்தோட போகலையேம்மா நான்! கும்பிட்டுட்டுல்லா வந்தேன்!"

"நரிக்கு உங்க எண்ணம் எதுக்கு சார்?"

முப்பது வருஷ ஆசையை ஒரு மத்தியானத்தில் தன் காலாலேயே மிதித்துவிட்டோமே என்று அவருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"இப்ப நான் என்ன செய்யணும்? சொல்லு, செய்யுதேன்."

"அந்த ஆண் இனிமே வராதுன்னு ஆகுற வரைக்கும் இங்க நின்னு பாருங்க."

அன்று முழுக்க நின்றார். ஆண் பறவை ஒன்பது தடவை வந்தது. ஒரு தடவை இரையை நழுவவிட்டுப் பார்த்தது. இரை பார்லிக்குள் விழுந்தது. அதற்குமேல் பார்க்க முடியாமல் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் நான்கு தடவை வந்தது.

மூன்றாம் நாள் வரவேயில்லை. வானம் வெறுமனே கிடந்தது. மற்றவர்களை வேறொரு வழிகாட்டியோடு மலைக்கு அனுப்பிவிட்டு ஆவுடையும் மூன்று நாளாக அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கழுத்து கருத்துப்போயிருந்தது. சாருக்கு அது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"நான் நிக்கேன், அது சரி. தப்பு என்னோடது. நீ எதுக்கும்மா வெயில்ல கிடந்து காயுதே?"

ஆவுடை தொலைநோக்கியை மடக்கினாள்.

"அன்னைக்கு நீங்க வயலுக்குள்ள இறங்கினப்ப நான் தூங்கல சார். மேட்டுல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பார்த்தியா?"

"முதல்ல கால் வச்சதுல இருந்து பார்த்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தா நீங்க திரும்பியிருப்பீங்க."

"பிறகு ஏன்மா கூப்பிடலை?"

"ஹெட்மாஸ்டரை எப்படி சார் அதட்டுறது?"