யாராவது அடிபட்டார்களா?

புன்னையாற்றுச் சீமையின் அதிகாரி நன்னாகன், ஒரு காலத்தில் நல்லாதி அடிகளிடம் பாடம் கேட்டவன். மதகுத் தண்ணீருக்காக மேலூரும் கீழூரும் வெட்டிக்கொண்ட மறுவாரம் அந்த அம்மையாரைத் தேடி வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"மூன்று பேர் செத்துவிட்டார்கள், அடிகளே. தகவல் வந்ததுமே குதிரைப் படையோடு போனேன். அப்படியும் பிந்திவிட்டேன். இன்னும் வேகமாகப் போய்ச்சேர என்ன செய்யவேண்டும்?"

அடிகள் எழுந்தார். "தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு வா."

மேலூரில் சடைச்சியின் வீட்டுக்குப் போனார்கள். செத்தவர்களில் ஒருவன் அவளுடைய மகன். அடிகளை அவளுக்குத் தெரியும். கூட வந்தவன் யார் என்று தெரியவில்லை.

அடிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். 

அவளே பேசினாள். "சண்டைக்குப் போகிற பிள்ளை இல்லை அம்மா அவன். கீழூர்க்காரர்கள் நம் வாய்க்கால் மதகை அடைக்கிறார்கள், நாற்று காய்கிறது என்று கோட்டைக்கு நடந்துபோய்ச் சொன்னான். 'யாராவது அடிபட்டார்களா?' என்று வாசல் காவலன் கேட்டானாம். இல்லை என்றிருக்கிறான். 'அப்படியென்றால் அதிகாரிக்கு நேரமில்லை, போ' என்று சொல்லிவிட்டானாம்."

"பிறகு?" என்றார் அடிகள்.

"மறுபடியும் போனான். அதே பதில்தான். அப்புறம் கோட்டைப் பக்கம் போகவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனான்."

நன்னாகன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான்தான் அந்த அதிகாரி."

சடைச்சி அவனைப் பார்த்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை.

"கீழூரிலிருந்தும் ஒருத்தன் கோட்டைக்குப் போய் இப்படியே திரும்பி வந்தானாம். அவனும் செத்துப்போனான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் நன்னாகன் கொதித்தான். "அந்தக் காவலனை இன்றே வேலையை விட்டு அனுப்புகிறேன்."

"அவனுக்கு என்ன கற்றுக்கொடுத்தாய்?"

"வேல் பிடிக்க."

"பிடிக்கிறானா?"

"நன்றாகவே பிடிக்கிறான்."

 இருவரும் ஏரிக்கரை வழியே நடந்தார்கள்.

கரை முடியும் இடத்தில் அவன் நின்றான். குரல் தணிந்திருந்தது. "நாளை முதல் நானே வாசலில் உட்காருகிறேன். யார் வந்தாலும், என்ன சொன்னாலும், முழுக்கக் கேட்கிறேன்."

"உட்கார், அப்பா. அந்தக் காவலனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். அரசர் உன்னை ஒருநாள் வேறு சீமைக்கு மாற்றிவிடுவார். வாசல் இங்கேதான் இருக்கும்."