சாமியின் இருமல்

"சாமி, பொறாமை போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றான் நஞ்சன்.

மலையடிவார மடத்தில் சாமிக்கு விறகு வெட்டிப் போட்டு, அவர் பேசுவதைக் கேட்டுக் கிடக்கிற சீடன் அவன். மலைமேல் இருளர் பதிதான் அவன் ஊர்.

"யார் மேலப்பா பொறாமை?"

"உங்க மேலதானுங்க."

சாமி சிரித்தார். சிரிப்போடு இருமலும் வந்தது.

"இதோ, இந்த இருமல் மேலதான். இதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுதுங்க. நீங்க லேசா இருமினா டவுன்லருந்து டாக்டர் கார்ல வந்து நிக்கிறார். என் பொண்டாட்டி ரங்கிக்கு வலி கண்டப்ப டோலி கட்டித் தூக்கிட்டு இறங்கினோம். பாதி வழியில பிள்ளை செத்தே பொறந்துச்சு. இப்ப மறுபடியும் மாசமா இருக்கா. காலெல்லாம் வீங்கிக் கிடக்கு."

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேனுங்க. மலைச்சனத்துக்கு உடம்பு கல்லு மாதிரி, தாங்கும்னார்."

"கல்லா?"

"அந்தப் பிள்ளையும் கல்லாட்டம்தான் கிடந்துச்சுங்க."

சாமி எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"டோலியைக் கட்டு. உன் ஊருக்குப் போவோம்."

நஞ்சன் பதறிப் போனான்.

"வேண்டாமுங்க. பொழைச்சவங்க நடந்துதான் மலையேறி வருவாங்க. டோலி மலையேறி வந்தா அதுல பிணம்தான் இருக்கும்."

"அப்ப நடக்கிறேன்" என்று சாமி கைத்தடியை எடுத்தார்.

உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, பொழுது சாயும்போது பதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாமி நேரே நஞ்சன் குடிசைக்குப் போனார். வாசலை அடைத்துப் பாயைப் போட்டுப் படுத்தார். இருமினார்.

உள்ளே ரங்கி புருசனைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"படுத்துக் கிடக்க நான் ஒருத்தி பத்தாதா? இவரை வேற எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

மடத்தில் சாமியைக் காணோம் என்றதும் கீழே ஊரே கலங்கிப் போச்சு. சாமி மலைமேல் பதியில் இருமிக் கிடக்கிறார் என்று தெரிந்து டாக்டருக்கு ஆள் அனுப்பினார்கள்.

மறுநாள் டாக்டர் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை. ஒரு கையில் மருந்துப் பை, மறுகையில் அறுந்த செருப்பு.

"என்ன சாமி இது! உடம்பு முடியாதவங்க இருக்கிற இடமா இது?"

சாமி இருமினார்.

குடிசைக்குள்ளிருந்து ரங்கியின் குரல் வந்தது.

"நாங்க இருக்கோமுங்களே."

டாக்டர் இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ரங்கியின் வீங்கின காலைப் பார்த்தார். செருப்பைக் கீழே போட்டுவிட்டு மருந்துப் பையைத் திறந்தார்.

சாமி எழுந்து, வாசலில் கிடந்த பாயைச் சுருட்டினார்.