கறுப்பிக் கப்பலும் கருக்கருவாளும்

ஒரு ஊர்லன்னு இந்தக் கதைய ஆரம்பிக்க முடியாது. ஏன்னா இது ஊர்ல நடக்கல. ஒரு கடல்ல, ஒரு கப்பல் இருந்துச்சு. ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கப்பல் நகரும்.

"ம்."

அந்தக் கப்பல் மரத்துல செஞ்சது இல்ல. அடி இரும்பு, பக்கம் இரும்பு, மூணு பாய்மரமும் இரும்பு. ஆனா எஞ்சின் கிடையாது, புகை கிடையாது. காத்து அடிச்சா பாய் படபடன்னு விரியும், ஓடும். காத்து நின்னா அதுவும் நிக்கும். எங்கேயோ குளிர் தேசத்துல டங் டங் டங்குன்னு தகட்டை அறைஞ்சு செஞ்சு இறக்கினாங்க. அங்க என்னமோ பேர் வெச்சாங்க. அது நம்ம ஆளுங்க வாயில நுழையல. கறுப்பா இருந்ததால கறுப்பின்னு கூப்பிட்டாங்க.

புதுசா இருந்தப்போ கறுப்பி தேயிலை ஏத்துச்சு. அப்புறம் புகைக் கப்பல் வந்துச்சு, சீக்கிரமா போச்சு, நல்ல சரக்கை எல்லாம் அதுவே எடுத்துக்கிச்சு. அப்போ கறுப்பி அரிசி ஏத்துச்சு. அப்புறம் சணல். அப்புறம் நிலக்கரி. அதுவும் குறைஞ்சப்போ, மனுஷங்கள ஏத்துச்சு. நாகப்பட்டணத்துலேருந்து மோரீசு தீவுக்கு, கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஆளுங்க.

மரக்கப்பல புழு அரிக்கும். இரும்புக் கப்பலுக்கு அந்தக் கவலை இல்ல. ஆனா அதுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காம்பஸ் இருக்கே, திசை காட்டுற பெட்டி, அதுல இருக்கிற முள்ளு எப்பவும் வடக்கத்தான் பாக்கணும். இரும்புக் கப்பல் அந்த முள்ளைத் தன் பக்கம் இழுக்கும். அதனால பெட்டிக்கு ரெண்டு பக்கமும் இளநி அளவுல ரெண்டு இரும்பு உருண்டை வெச்சு, அளந்து அளந்து, முள்ளை நேராக்கி வெச்சிருந்தாரு கப்பித்தான். வெச்சுட்டு ஒரே ஒரு சட்டம் போட்டாரு. பெட்டி கிட்ட வேற இரும்பு வரக் கூடாது. கத்தி கூடாது, பூட்டு கூடாது, ஒரு ஆணி கூடாது.

அந்தப் பெட்டிக்கு முன்னால நின்னு கப்பலைத் திருப்புறவன் சுக்கானி. கறுப்பியோட சுக்கானி பேரு தாண்டவன். கீழத்தஞ்சாவூர்ப் பக்கம், கூலிக்குக் கதிர் அறுக்கிற வீட்டுப் பிள்ளை. அதிகம் பேச மாட்டான். பெட்டிக்குள்ள சுத்திவர இருக்கிற கோட்டுல கப்பித்தான் எதைச் சொல்றாரோ அதுல முள்ளை நிறுத்துவான். மயிரிழை பிசகாது.

ஒரு நாள் சமையக்காரர் மொய்தீன் ரொட்டிக்கல்லைக் கையில வெச்சுக்கிட்டே பெட்டி பக்கத்துல நின்னு ஊர்க்கதை பேசினாரு. முள்ளு விர்ர்ருன்னு சுத்துச்சு. கப்பித்தான் வந்தாரு, பாத்தாரு. ரொட்டிக்கல்லைப் பிடுங்கி, சளப்! கடல்ல.

"யா அல்லா, என் கல்லு!"ன்னாரு மொய்தீன்.

அப்புறம் மோரீசு போய்ச் சேர்ற வரைக்கும் எல்லாருக்கும் கஞ்சிதான்.

இன்னொரு நாள் தாண்டவனே மறந்துட்டான். அரைஞாண் கயித்துல அவனோட துணிப்பெட்டிச் சாவி. சின்னச் சாவி. முள்ளு லேசா நடுங்குச்சு. கப்பித்தான் அவன் கன்னத்துல பளார்னு ஒண்ணு வெச்சாரு.

காசிம் சாரங்குன்னு ஒருத்தர், நம்ம ஆளுங்களுக்கு எல்லாம் மேஸ்திரி மாதிரி, கீழக்கரைக்காரர். அவர் சிரிச்சாரு. "சாவிக்கு ஒரு அறை தம்பி. அந்தப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கியே, அந்த அருவாளுக்கு எத்தனைன்னு நீயே கணக்குப் போட்டுக்க."

எல்லாரும் சிரிச்சாங்க. தாண்டவனும் சிரிச்சான். ம்?

"ம்."

அப்புறம் ஒரு வருஷம் மழை பொய்ச்சுது. தாண்டவனுக்கு அஞ்சலைன்னு ஒரு தங்கச்சி. புருஷன் காய்ச்சல்ல போயிட்டான். பிறந்த பிள்ளை ரெண்டும் தங்கல. மூணாவது வயித்துல. ஊர்ல சோறு இல்ல. அவ மோரீசு போறேன்னு கைநாட்டு வெச்சுட்டு, அண்ணன் இருக்கிற கப்பலாப் பாத்து ஏறிட்டா.

"எதுக்கு வந்தே?"ன்னான் தாண்டவன்.

"ரெண்டைப் புதைச்ச மண்ணுல மூணாவதைப் பெத்துக்க மாட்டேன் அண்ணே. இது நிக்கணும். அவ்வளவுதான்."

கப்பல் கிளம்பி எட்டாம் நாள் பிள்ளை பிறந்துச்சு. பொம்பளப் பிள்ளை. உள்ளங்கையில அடங்குற பிள்ளை. பேச்சாயின்னு ஒரு கிழவி, அவளும் கூலிக்குப் போறவதான், அவ தொப்புள் அறுத்தா. அறுத்துட்டுச் சுத்திப் பாத்தா.

"எங்கடி, தலமாட்டுல வெக்க ஒரு இரும்பு?"

இரும்பு எங்க இருக்கு? ஏறும்போதே எல்லார் கத்தி, அருவாளையும் வாங்கி வெச்சுட்டாங்க. இரும்பு இல்லாத பிள்ளைகிட்ட காத்து கருப்பு வரும்னு நம்ம சனங்களுக்கு ஒரு பயம். அதுவும் நடுக்கடல்ல. முந்தின நடையில செத்தவங்கள எல்லாம் அங்கதானே தூக்கிப் போட்டிருக்கு?

மொய்தீன் எட்டிப் பாத்துச் சொன்னாரு. "ஏன் ஆத்தா, இந்தக் கப்பலே இரும்புதானே! இதை விடவா பெரிய இரும்பு?"

"போய்யா. இது ஊரான் இரும்பு. இதுக்கு நம்ம பிள்ளைய அடையாளம் தெரியுமா? நம்ம வீட்டு இரும்பு வேணும்."

அன்னிக்கே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுச்சு. அனலாக் கொதிச்சுது. பால் குடிக்கல. கப்பல் டாக்டர் பாத்துட்டு, கீழ்த்தட்டுல காத்து இல்ல, மேல கொண்டு போய் வைன்னாரு. காத்து நல்லா வர்ற இடம் சுக்கானி நிக்கிற இடம். மாமன்காரன் நிக்கிற முறையில மட்டும் தாயும் பிள்ளையும் அங்க படுக்கலாம்னு கப்பித்தான் ஒத்துக்கிட்டாரு.

காம்பஸ் பெட்டிக்குப் பக்கத்துலயே. ம்?

"ம்."

அஞ்சலை கேட்டா, "அண்ணே, அம்மா கதிர் அறுத்த கருக்கருவா உன் துணிப்பெட்டியில இருக்குல்ல?"

"இருக்கு."

"குடு."

"இங்க இரும்பு வரக் கூடாதும்மா."

"ரெண்டு போயிடுச்சு அண்ணே."

தாண்டவன் அடுத்த முறை வரும்போது கருக்கருவாளைத் துணியில சுத்தி, இடுப்புல சொருகிக் கொண்டு வந்தான். பிள்ளை தலமாட்டுல, விரிப்புக்கு அடியில வெச்சான். பெட்டிக்கு இடது பக்கம். வெச்சுட்டு முள்ளைப் பாத்தான். முள்ளு மெதுவா நகந்து, ரெண்டு கோடு தள்ளி நின்னுச்சு. எடுத்தான். முள்ளு திரும்பி வந்துச்சு. மறுபடி வெச்சான். மறுபடி ரெண்டு கோடு. மூணு தடவ பாத்தான். மூணு தடவையும் ரெண்டே கோடு.

அப்போ அவன் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டான். முள்ளு ரெண்டு கோடு பொய் சொல்லுது. நானும் ரெண்டு கோடு தள்ளிப் பிடிச்சா கப்பல் நேரா போகும். யாருக்கும் நஷ்டம் இல்ல.

கணக்கு சரிதான். கப்பல் அப்போ தெற்கு நோக்கிப் போயிக்கிட்டு இருந்துச்சு. அவன் ரெண்டு கோடு தள்ளிப் பிடிச்சான், கப்பல் நேரா போச்சு. அவன் முறை முடிஞ்சா பிள்ளையும் கருக்கருவாளும் கீழ போயிடும், அடுத்த சுக்கானி வருவான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சு. பால் குடிச்சுது. மாமன் விரலைப் பிடிச்சுது.

"பாத்தியா, நம்ம இரும்பு வேலை செஞ்சுடுச்சு"ன்னா அஞ்சலை.

அப்புறம் ஒரு நாள் கப்பித்தான் மேற்கே திருப்பச் சொன்னாரு. பாய் எல்லாம் மாத்திக் கட்டி, கப்பல் க்ரீச் க்ரீச்சுன்னு திரும்பி மேற்கே போச்சு. மேகம் மூடிக்கிச்சு. சூரியன் இல்ல, நட்சத்திரம் இல்ல. கப்பல் எங்க இருக்குன்னு கப்பித்தானால மேல பாத்துக் கணக்குப் போட முடியல. முள்ளு ஒண்ணுதான் வழி.

இப்போ நல்லாக் கேளு. கப்பல் திரும்பினா கருக்கருவாளும் அதோட சேந்து திரும்புது. ஆனா முள்ளு திரும்பல, அது வடக்கத்தான் பாக்குது. முன்னாடி கருக்கருவா முள்ளுக்குப் பக்கவாட்டுல இருந்துச்சு, இழுத்துச்சு. இப்போ முள்ளுக்கு நேரா வந்துடுச்சு. நேரா இருக்கிறது எந்தப் பக்கம் இழுக்கும்? எந்தப் பக்கமும் இழுக்கல. முள்ளு உண்மையத்தான் சொல்லுச்சு.

தாண்டவனுக்கு அது தெரியாது. அவன் அதே ரெண்டு கோடு தள்ளிப் பிடிச்சான். மயிரிழை பிசகாமப் பிடிச்சான்.

இப்போல்லாம் விரிப்போட அஞ்சலையே கொண்டு வந்து வெச்சுடறதால, அவன் முள்ளைச் சோதிச்சுப் பாக்கிறது இல்ல. ஒரு தடவ கருக்கருவாளை எடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எடுக்கக் கை நீட்டினான். பிள்ளை அப்பத்தான் அசந்து தூங்குது. எழுப்ப வேணாம்னு கைய எடுத்துக்கிட்டான்.

"ம்" சொல்லல நீ.

"ம்... அப்புறம்?"

அப்புறம் அவன் முறை வர வர, கப்பல் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்குச்சு. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, ஒரு வாரம். விடியக்காலை, சளசளன்னு மழை. தாண்டவன் சுக்கான்ல நிக்கிறான். முன்னால நின்ன ஆள் கத்தினான், "வெள்ளை தெரியுது! அலை உடையுது!"

சுக்கானைத் திருப்புறதுக்குள்ள, கிர்ர்ர்ர்ர்ர்! அடியில பாறை. பவளப்பாறை. டொம்முன்னு இடிச்சு நின்னுச்சு. நடுப் பாய்மரம் மடமடமடன்னு சாஞ்சு கடல்ல விழுந்துச்சு. கீழ்த்தட்டுல தண்ணி பூந்துச்சு. சனங்க ஒருத்தர் மேல ஒருத்தரா ஏணியில ஏறி வர்றாங்க. ஒரே கூச்சல்.

தாண்டவன் அப்போ என்ன பண்ணினான் தெரியுமா? குனிஞ்சு கருக்கருவாளை வெடுக்குன்னு இழுத்தான். முள்ளைப் பாத்தான்.

முள்ளு அசையவே இல்ல.

அப்போ அவனுக்குப் புரிஞ்சுடுச்சு.

படகு இறக்கினாங்க. அலை ஏறி ஏறி இறங்குது. சாரங்கு தாண்டவனைப் பிடிச்சுப் படகுல தள்ளினாரு, "துடுப்புப் பிடிக்க ஆள் வேணும், எறங்குடா!" மேல அஞ்சலை பிள்ளையோட நிக்கிறா.

"நீ குதி! பிள்ளையோட குதி!"ன்னு தாண்டவன் கத்துறான்.

"மொதல்ல இதைப் பிடி அண்ணே!"

துணியோட பிள்ளைய விட்டா. அவன் நெஞ்சுல வாங்கினான். நிமிந்து பாத்தா, ஒரு அலை வந்து போயிடுச்சு. அவ நின்ன இடத்துல தண்ணி வழியுது.

அந்தக் காலையில செத்தவங்க நாப்பத்தொண்ணுன்னு சொன்னாங்க. நாப்பத்தொண்ணு இல்ல, நாப்பத்திரெண்டு. பேச்சாயிக் கிழவி அஞ்சு நாள் கழிச்சுக் கரையில செத்தா. அவளையும் சேத்துத்தான் எண்ணணும்.

விசாரணை நடந்துச்சு. பெட்டி கிட்ட இரும்பு இருந்துச்சான்னு கேட்டாங்க. கேக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கருக்கருவா கடல்ல போயிடுச்சு. இல்லன்னு சொல்லியிருக்கலாம். தாண்டவன், "இருந்துச்சு. ரெண்டு கோடு"ன்னான்.

காசிம் சாரங்கு தலையில கை வெச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. "எத்தனை அறைன்னு கேட்டேனேடா உன்ன"ன்னு சொல்லி அழுதாரு.

யாரும் தாண்டவனைச் சிறையில போடல. கப்பித்தானுக்கு வேலை போச்சு. தாண்டவன் கையில அதுக்கப்புறம் யாரும் சுக்கான் குடுக்கல.

மரக்கப்பலா இருந்தா அந்தப் பாறையில சுக்கல் சுக்கலா ஆகியிருக்கும். கறுப்பி இரும்பு. முழுகவும் இல்ல, உடையவும் இல்ல. மழைக்காலம் போனதும் புகைக் கப்பல் வந்து இழுத்துச்சு. ஓட்டையை அடைச்சாங்க. மிச்சம் இருந்த ரெண்டு பாய்மரத்தையும் அறுத்தாங்க. சுக்கானைக் கழட்டினாங்க. காம்பஸ் பெட்டியையும் ரெண்டு உருண்டையையும் கழட்டினாங்க. எங்கயும் போகாத கப்பலுக்குத் திசை எதுக்கு? கயித்துல கட்டிக் கொழும்புத் துறைமுகத்துக்கு இழுத்துட்டு வந்து, நங்கூரம் போட்டு, வயித்துல நிலக்கரியைக் கொட்டினாங்க. மிதக்குற கரிக்கிடங்கு. வர்ற புகைக் கப்பலுக்கு எல்லாம் கரி குடுக்கணும். தன் பிழைப்பைப் பறிச்சவங்களுக்கே சோறு போட்டுச்சு கறுப்பி.

அங்க கரிக்கூடை தூக்குற வேலைக்கு ஒரு ஆள் வந்தான். யாரு?

"தாண்டவன்."

ஆமா. வேற யாரு அவனுக்கு வேலை குடுப்பா? பிள்ளையையும் கூட வெச்சுக்கிட்டான். சமுத்திரவல்லின்னு பேர் வெச்சான். பகல் எல்லாம் கரி. சாயங்காலம் குளிச்சுட்டு வந்து பிள்ளைக்கு ஊட்டுவான். அவ வளந்து விவரம் தெரிஞ்சதும் எல்லாத்தையும் சொன்னான். ஒரே தடவதான் சொன்னான். ஒண்ணையும் விடாமச் சொன்னான். அவ எழுந்து வெளிய போனா. ரொம்ப நேரம் கழிச்சு வந்து, "சோறு ஆறுது மாமா"ன்னா.

அப்புறம் வருஷம் ஓடுச்சு. சமுத்திரவல்லிக்குக் கல்யாணம் ஆச்சு. உப்புத் தண்ணி கறுப்பியைத் தின்னுச்சு. பக்கம் எல்லாம் செதில் செதிலா உதிந்துச்சு. கரிகூடத் தங்காதுன்னு ஆனதும் கரைக்கு இழுத்து, டங் டங் டங்குன்னு உடைச்சாங்க. எப்படிப் பிறந்துச்சோ அதே சத்தம். அந்த இரும்பைக் கொல்லருங்க எடை போட்டு வாங்கிட்டுப் போனாங்க. கடப்பாரை அடிச்சாங்க, வண்டிப்பட்டை அடிச்சாங்க, அருவா அடிச்சாங்க.

அந்த மாசந்தான் சமுத்திரவல்லிக்குப் பிள்ளை பிறந்துச்சு. ராத்திரி ஆச்சு. பக்கத்து வீட்டம்மா வந்து பாத்தா. "என்னடி இது, தலமாட்டுல ஒரு இரும்பு வெக்கல? இந்தா, புதுசா அடிச்ச அருவா, உன் மாமன் கப்பல் இரும்புதான்"னு பிள்ளை பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டா.

சமுத்திரவல்லி மாமனைப் பாத்தா. கிழவனாயிட்டான் தாண்டவன். முதுகு வளைஞ்சுடுச்சு, நகக்கண்ணுல எல்லாம் கரி. அவன் அந்த அருவாளை எடுத்தான். கையில வெச்சு ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் எழுந்து போய், வாசப்படிக்கு வெளிய, எட்டத்துல வெச்சுட்டு வந்தான்.

"அப்போ பிள்ளைக்குக் காவலு மாமா?"

அவன் பிள்ளை தலமாட்டுல உக்காந்தான். சுக்கான் பிடிக்கிற மாதிரி ரெண்டு கையையும் முழங்கால் மேல வெச்சுக்கிட்டான்.

"நீ தூங்கு. நான் பாத்துக்கறேன்."

விடியிற வரைக்கும் இமை மூடல. மறுநாளும் அப்படித்தான். அவன் சாகுற வரைக்கும் அந்த வீட்டுல எந்தப் பிள்ளை தலமாட்டுலயும் இரும்பு இல்ல. ஒரு ஆள் இருந்தான்.

கப்பலும் போச்சு, கடலும் அடங்குச்சு. நீயும் அடங்கு. தலையணைக்கு அடியில தடவிப் பாக்காத, அங்க இரும்பு ஒண்ணும் கிடையாது. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.

ம் சொல்லு.

சரி, சொல்ல வேணாம்.