பனியில் இரண்டு தடம்

பனியாற்றில் கால் வைப்பதற்கு முன் பசந்தி மூன்று பேரையும் ஒரே கயிற்றில் கட்டினாள். முன்னால் அவள். நடுவில் நிமலர். கடைசியில் பொன்னுரங்கம்.

"நான் கால் வச்ச இடத்துல சின்ன சாமி வைக்கணும். சின்ன சாமி வச்ச இடத்துல பெரிய சாமி வைக்கணும். வேற எங்கயும் வைக்கக் கூடாது. பனிக்குக் கீழ எங்க பிளவு இருக்குன்னு தெரியாது" என்றாள். தமிழ் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டியாகப் போய்ப் போய் அவள் கற்றுக்கொண்ட தமிழ் அது.

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. சின்ன சாமி என்று அவள் சொன்னது அவருடைய குருவை. நிமலருக்கு வயது நாற்பத்தைந்து, ஒடிசலான உடம்பு. பொன்னுரங்கம் அறுபதைத் தாண்டியவர். நெல் அரவை மில்லை மகனிடம் விட்டுவிட்டு வந்து சீடரானவர். உடம்பு மட்டும் இன்னும் மில் முதலாளி உடம்பாகவே இருந்தது.

"அம்மா, குரு அவர். நான் சீடன். சின்ன சாமின்னு சொல்லாதே."

"பனிக்கு எடைதான் தெரியும், பெரிய சாமி."

நிமலர் வாய்விட்டுச் சிரித்தார்.

பனியாற்றின் அக்கரையில் ஆறு பிறக்கிறது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். காலையில் கூடாரத்தில் பொன்னுரங்கம் துணிந்து கேட்டுவிட்டார்: "எனக்கு அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் தீட்சை கொடுத்துட்டீங்க ஐயா. என்கிட்ட என்ன குறை?"

"நடந்துக்கிட்டே பேசுவோம்" என்றார் நிமலர். ஆனால் நடக்கத் தொடங்கியதும் அவர் பேசவில்லை.

பசந்தி நீளக் கம்பியால் பனியைக் குத்திப் பார்த்தாள். கம்பி இறங்காமல் நின்ற இடத்தில் கால் வைத்தாள். அவள் தடத்தில் நிமலரின் கால் இறங்கியது. காலணியின் இரும்பு முட்கள் பனியில் புள்ளி புள்ளியாகப் பதிந்தன.

பொன்னுரங்கம் அந்தத் தடத்தையே பார்த்தார். மடத்தில் குரு குளித்துவிட்டுப் போன பிறகு கல்லில் ஈரத்தடம் இருக்கும். அது காயும்வரை அவர் சுற்றித்தான் போவார். இங்கே இரும்பு முள்ளோடு அதன் மேல் ஏறுவதா?

ஒரு சாண் தள்ளிக் கால் வைத்தார். பனி தாங்கியது. அடுத்ததும் அப்படியே.

சற்றுத் தூரம் போனதும் பசந்தி திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"பின்னாடி ஏன் ரெண்டு தடம் தெரியுது? ஒண்ணுதானே இருக்கணும்?"

நிமலரும் திரும்பிப் பார்த்தார். தடங்களைப் பார்த்தார், சீடரைப் பார்த்தார்.

"பெரிய சாமி, விளையாட்டு இல்ல இது" என்றாள் பசந்தி.

"சரிம்மா."

எங்கோ அடியில் பனி முனகியது. இப்போதாவது மிதித்துவிடலாம் என்று பொன்னுரங்கம் காலைத் தூக்கினார். குருவின் தடத்துக்கு நேர் மேலே கால் வந்து நின்றது. மனம் வரவில்லை. காலைத் தள்ளி வைத்தார்.

காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

மார்புவரை இறங்கிவிட்டார். இரண்டு கைகளும் விரிந்து பனியில் மாட்டிக்கொண்டன. கயிறு சுண்டியதில் நிமலர் குப்புற விழுந்து, பிளவை நோக்கி வழுக்கி வந்தார். பசந்தி தன் பனிக்கோடாரியைக் குத்தி, அதன் மேல் தானே விழுந்தாள். கயிறு நின்றது.

பனிக்கட்டிகள் கீழே உதிர்ந்தன. அவை விழுந்து சேர்ந்த சத்தம் கேட்கவே இல்லை.

"ஐயா, கயித்தை அவுத்து விட்டுடுங்க. நான் போனாப் போறேன், நீங்க..."

"பேசாதீங்க. நீங்க பேசப் பேச நான் வழுக்குறேன்."

பொன்னுரங்கம் மூச்சையும் அடக்கிக்கொண்டார். குரு தன் காலணி முட்களைப் பனியில் அழுத்தி ஊன்றுவது தெரிந்தது. ஊன்றிய இடம் பிய்ந்தது. மறுபடி ஊன்றினார்.

"பெரிய சாமி, நீச்சல் தெரியுமா?" பசந்தி கத்தினாள்.

"தெரியும்."

"நெஞ்சைப் பனியில போடு. கையை முன்னாடி நீட்டு. ஆத்துல வர்ற மாதிரி வா."

அவர் படுத்தார். மேலே இருந்த இருவரும் இழுத்தார்கள். கொஞ்சம் வந்தார், நின்றார், இன்னும் கொஞ்சம் வந்தார். கடைசியில் இடுப்பு விளிம்பைத் தாண்டியது. தவழ்ந்து வந்து குருவின் அருகில் முகம் கவிழ்ந்து கிடந்தார். நிமலரின் தாடையில் பனி கீறியிருந்தது. ரத்தம் வெள்ளையில் சொட்டியது.

"ஏன் தள்ளித் தள்ளி நடந்தீங்க?" என்று கேட்டாள் பசந்தி.

"அவர் பாதம் பட்ட இடம். அதை எப்படிம்மா மிதிப்பேன்?"

பசந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "முன்னாடியே சொல்லியிருந்தா உங்களை என் பின்னாடி கட்டியிருப்பேனே! என் தடத்தை மிதிக்கலாம் இல்ல?"

யாரும் சிரிக்கவில்லை.

"வெயில் ஏறிடுச்சு. பனி இளகுது. இனி அக்கரை வேண்டாம், திரும்பிடலாம்" என்றாள். "திரும்பும்போது நான் கடைசி. யார் விழுந்தாலும் நான்தான் பிடிக்கணும். பெரிய சாமி முன்னாடி போகட்டும். நடுவுல சின்ன சாமி."

பொன்னுரங்கம் நிமலரைக் கும்பிட்டார். "ஐயா, காலையில கேட்டதை மறந்துடுங்க. எனக்கு அந்தத் தகுதி இல்ல."

நிமலர் தாடையைத் துடைத்துக்கொண்டு கயிற்று முடிச்சைச் சரிபார்த்தார்.

கயிற்றின் வரிசை திரும்பியது. பொன்னுரங்கம் இப்போது முதல் ஆள். அவருக்கு முன்னால் வெயிலில் இரண்டு தடங்கள் நீண்டு கிடந்தன. ஒன்று பசந்தியும் குருவும் மிதித்து ஆழமானது. பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, அவருடையது; அதில் சற்று முன்னால் அவர் விழுந்த குழி.

அவர் நின்றார். கால் எழவில்லை.

"ஐயா," என்றார் திரும்பாமலே, "உங்களுக்கு முன்னால நான் எப்படிப் போவேன்? உங்க தடத்துல எப்படி..."

பின்னால் கயிறு மெல்ல இறுகியது.

"நான் உங்க பின்னாலதான் வரணும், பொன்னுரங்கம்" என்றார் நிமலர். "எந்தத் தடத்துல வரட்டும்?"