வாய் திறக்காத கொரவை

“மீன் சாப்பிட மாட்டேங்குதும்மா” என்றார் சூசைமாணிக்கம்.

சபுரா நிமிரவில்லை. தொட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காசோடு வந்தவரை, “உங்களால வளர்க்க முடியாது, போங்க” என்று திருப்பி அனுப்பும் கடை இவளுடையது ஒன்றுதான். திட்டு வாங்கியவர்களே மறுநாள் வந்து பாடம் கேட்பார்கள். சூசைமாணிக்கம் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவர். வயதில் அவளைவிட நிறையவே மூத்தவர்.

“எந்த மீனு?”

“குள்ளக் கொரவை. ஜோடியில ஒண்ணு.”

“எது? தலை அகலமா, துடுப்பு ஓரத்துல ஆரஞ்சுக் கோடு பளிச்சுனு இருக்குமே, அதா?”

“அதேதான். தாடை வேற வீங்கியிருக்கு. மூலையில ஒண்டிக்கிட்டே கெடக்கு.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

அவர் பண்ணாதது என்ன? கல்லுப்பு போட்டார். நீல மருந்து விட்டார். தண்ணீரை மாற்றினார். புழுவை இடுக்கியில் பிடித்து மீனின் வாயருகே நீட்டினார். அது விலகியது. இவர் விடாமல் துரத்தினார். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

“வலையில பிடிச்சு இங்கயே கொண்டாந்துடறேன். வாயைத் திறந்து பாருங்க. எப்படியாவது காப்பாத்திக் குடுங்கம்மா. அது ரெஜினாவோடது.”

ரெஜினா அவர் மனைவி. போன தவக்காலத்தில் நோயில் இறந்துபோனாள்.

அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் இந்தப் பக்கம் வீடுகளைவிடத் தண்ணீர்தான் அதிகம். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தால் கொரவைகள் தெருவில் நெளிந்து போகும். ரெஜினா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். பிடித்த மீனைக் குழம்புக்குத் தரமாட்டாள். ஏரியிலேயே கொண்டுபோய் விடுவாள். “குடும்பம் நடத்தற லட்சணமா இது?” என்று மாமியார் வாசலில் நின்று கத்துவாள். சூசைமாணிக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவிக்குக் குடை பிடிப்பார். என்ன நாட்கள் அவை!

தெருவெல்லாம் மாடி வீடுகளான பிறகு, அந்த ஞாபகத்துக்காகவே ரெஜினா இந்த ஜோடியைச் சபுராவிடம் வாங்கினாள்.

கடைசி மாதத்தில் அவளும் சாப்பிடவில்லை. கஞ்சிக் கரண்டியை உதட்டருகே வைத்துக்கொண்டு, “ஒரு வாய், ஒரே ஒரு வாய்” என்று இவர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இப்போது இந்த மீன்.

சபுரா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு சொம்பில் குடிதண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“வாய் நிறைய ஊத்திக்குங்க. முழுங்கக் கூடாது. துப்பவும் கூடாது.”

அவர் கன்னம் உப்ப நின்றார்.

சபுரா நிதானமாகச் சாலையைக் கடந்து போனாள். சூடாக ஒரு மசால் வடை வாங்கிக்கொண்டு, அதே நிதானத்தோடு திரும்பி வந்தாள்.

“சாப்பிடுங்கண்ணே.”

அவர் தலையை ஆட்டினார்.

“ஏன், உடம்பு சரியில்லையா?”

அவர் விரலால் வாயைக் காட்டினார்.

“ஆமாமா, தாடை வீங்கியிருக்கு. மருந்து ஊத்தட்டுமா?”

வடையைப் பிய்த்து அவர் உதட்டில் வைத்து அழுத்தினாள். அவர் பின்னால் நகர்ந்தார். அவளும் கூடவே நகர்ந்தாள். சுவரில் முதுகு முட்டியது. அவள் அங்கே தொங்கிய பெரிய வலையை எடுத்து அவர் தலைமேல் ஓங்கினாள்.

மடக்கென்று விழுங்கிவிட்டார்.

“போச்சு” என்றாள் சபுரா. “அத்தனை குஞ்சும் போச்சு.”

சூசைமாணிக்கம் அப்படியே மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“வாய்க்குள்ளயா?”

“பொட்டை முட்டை போடும். ஆம்பள அதை வாயில வச்சுக் காப்பாத்தும். வெளிய விடற வரைக்கும் பட்டினிதான்.”

“ஐயோ, அதைப் போட்டு இந்தத் துரத்து துரத்தினேனே. இன்னும் இருக்குமா?”

“தாடை இப்பவும் வீங்கித்தானே இருக்கு?”

“ஆமா.”

“அப்ப இருக்கு.”

அவருக்கு மூச்சு வந்தது. “நான் என்ன பண்ணணும், சொல்லுங்க.”

“தொட்டிக்கு மூடி இருக்கா? குதிச்சுடும்.”

“இருக்கு.”

“தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல நாலு விரக்கட காத்து இருக்கா? மேல வந்து மூச்சு வாங்கணும்.”

“இருக்கு.”

“அப்ப பண்றதுக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துல உட்காருங்க.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

மனிதருக்கு வராத ஒரே வேலை அதுதான்.

வீட்டுக்குப் போய் இடுக்கியைப் பரண்மேல் எறிந்தார். மீன் மிரளாமல் இருக்கத் தொட்டியின் முன்னால் ரெஜினாவின் பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மீனிடம் பேச அவருக்கு ஒன்றுமில்லை. ரெஜினாவிடம் பேசினார். மழையைப் பற்றி, குடையைப் பற்றி, அம்மா கத்தியதைப் பற்றி. அவள் கட்டில் பக்கத்திலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. அழுகை வந்தது. அழுதார்.

மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாட்களிலும்.

ஒரு நாள் விடிந்ததும் புடவையை லேசாக விலக்கிப் பார்த்தார். மிதக்கும் செடியின் நிழலில் கொரவை வாயைத் திறந்தது. பொடிப்பொடியாகக் குஞ்சுகள் வெளியே வந்தன. வந்துகொண்டே இருந்தன.

சபுராவுக்குப் போன் போட்டார்.

“விட்டுடுச்சா?” என்றாள் அவள்.

“விட்டுடுச்சும்மா.”

“நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். ரெஜினா போன பிறகு முதல் தடவையாக, அவருக்குப் பசித்தது.