ஞாயிற்றுக்கிழமைக்குள் தெளிய வேண்டிய குளம்

சவரிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு வாய்த்த குருவுக்கு முப்பதுதான். திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைச் சவரிமுத்து பார்த்துக்கொண்டார். வாரம் ஒரு முறை தண்ணீரைச் சோதிக்க வரும் ஷமீமை "டீச்சரம்மா" என்பார். முதலில் கேலியாகத்தான் சொன்னார். இப்போது கேலி போய்விட்டது.

அந்த வியாழக்கிழமை ஷமீம் வந்தபோது குளம் பச்சைப் பசேலென்று கிடந்தது.

"எவ்வளவு குளோரின் போட்டீங்கண்ணே?"

"இருந்ததையெல்லாம் போட்டுட்டேன். பாசி அசைய மாட்டேங்குது."

"என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கிழமை மக வர்றா. பேரனோட."

மகள் வந்து ஆறு வருடமாகிறது. பிடித்தவனைக் கட்டிக்கொண்டவளிடம், வாசலை மிதிக்காதே என்று சொன்னவர் அவரேதான். ஒரே வாரத்தில் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் 'சாப்பிட்டியா' என்று போனில் செய்தி அனுப்புவார். வீட்டுக்கு வா என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. இப்போதும் அவள் வீட்டுக்கு வரவில்லை. பையன் நீச்சல் குளம் கேட்கிறானாம், ஒரு மணி நேரம் வந்து போகிறாளாம்.

ஷமீம் முழங்கை ஆழத்திலிருந்து சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, அதில் மருந்தைச் சொட்டு விட்டாள். குழாய் கருஞ்சிவப்பானது.

"காரம் ஏறிக் கிடக்கு. இப்ப எத்தனை கொட்டினாலும் வேலை செய்யாது. முதல்ல ஆசிட் ஊத்திக் காரத்தை இறக்குங்க. சுவரைத் தேய்ங்க. அப்புறம் அளவா குளோரின், பொழுது சாஞ்சதும். பிறகு மோட்டாரை ஓட விட்டுட்டுச் சும்மா இருங்க."

"சும்மாவா?"

"ஆமாண்ணே. சும்மா."

சொன்னதையெல்லாம் செய்தார், கடைசி ஒன்றைத் தவிர. சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் பால் போலக் கலங்கித் தெளியத் தொடங்கியிருந்தது. போதாமல் போய்விட்டால்? மனுஷனுக்குக் கை நிற்கவில்லை. இன்னொரு வாளி குளோரினைக் கரைத்து ஊற்றினார்.

ஞாயிறு காலையில் அடித்தரை ஓடுகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. சவரிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஷமீம் தானாகவே வந்து, குளோரின் அளவு பார்க்க வேறொரு மருந்தைச் சொட்டு விட்டாள். குழாய் அடர்ந்த ஆரஞ்சு நிறமானது.

"நேத்து திரும்பப் போட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிள்ளைக்குக் கண்ணு எரிஞ்சு போகும். இன்னிக்குக் குளத்துல இறக்க முடியாது."

"ஏதாவது மருந்து போட்டு..."

"இன்னும் போடணுமா? பகல் பூரா வெயில் படட்டும், குளோரின் தானா குறையும். நாளைக்குக் காலையில சரியாயிரும்."

"பத்து மணிக்கு வந்துருவாளே டீச்சரம்மா! இவ்வளவு தெளிஞ்ச தண்ணியை வச்சுக்கிட்டு அவகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

வாசலில் ஆட்டோ நின்றது. துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பொடியன் குதித்து ஓடி வந்தான். பின்னால் மகள் மெல்ல இறங்கினாள். அவர் ஷமீமைத் திரும்பிப் பார்த்தார்.

ஷமீம் சோதனைப் பெட்டியை மூடினாள்.

"தண்ணி நாளைக்குத்தான் சரியாகும்னு சொல்லுங்கண்ணே. அதுவரைக்கும் உங்க வீட்டுல இருக்கச் சொல்லுங்க."