தலைமேல் வைத்த கை

மாதம் தவறாமல் மழை பெய்த காலத்தில், மலைக்குக் கிழக்கே, செம்மடை என்று ஓர் ஊர் இருந்ததாம். பங்குனி கடைசி நாளன்று அந்த ஊர்க்காரன் ஒருவன், ஒன்பது வயது மகளைத் தோளில் சுமந்துகொண்டு மலையடிச் சுனைக்கு வந்தானாம்.

வேப்பமர நிழலில் தரையை நாலு தரம் மிதித்துப் பார்த்தான். தேளில்லை, பாம்பில்லை. தன் துண்டை விரித்து மகளை அதன்மேல் உட்காரவைத்தான்.

"அசையக் கூடாது கண்ணு."

"சரிங்கப்பா."

அப்புறம்தான் சுனைக்கரைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சாமி, தலையை மொட்டை அடிச்சா, தலைமேல பண்ணின சத்தியமும் சேர்ந்து உதுந்துருமுங்களா?"

கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"யார் தலை?"

"புள்ள தலைங்க."

"யார் சத்தியம்?"

அவன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அவன் பேர் மாரப்பன். கத்தி தீட்டியவருக்குக் கத்திச் சாமி என்று பேர். மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு மொட்டை அடிப்பார். யாருக்கும் புத்தி சொல்ல மாட்டார். மாரப்பனைவிட நாலு வயசு இளையவர். ஆனாலும் பதினோரு வருஷமாக, அமாவாசைக்கு அமாவாசை மாரப்பன் வந்து, சுனையில் விழுந்த சருகை அள்ளிப் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். ஊரில் அவனைச் சாமியின் சீடன் என்பார்கள். என்னப்பா கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

"மூணு கல் தூரமும் தூக்கிட்டா வந்தே?" என்றார் சாமி.

"ஆமாங்க."

"அவளுக்குக் கால் இல்லையா?"

"இன்னைக்கு ஒரு நாள் தாண்டட்டுங்க சாமி. பொழுது உழுந்துட்டா போதும்."

சொல்லும்போதே திரும்பி மகளைப் பார்த்துக்கொண்டான். இருந்தாள்.

செம்மடையில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரை முதல் நாள் காலையில் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி, வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஒன்றை விடுவதாகச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் மட்டும் போதாது. ரொம்பப் பிரியமான ஒரு தலைமேல் கை அடித்துச் சொல்ல வேண்டும். அது ஒரு வருஷத்துக்குச் செல்லும். தவறினால், அந்த வருஷத்துப் பொழுது கடைசியாகச் சாய்வதற்குள் அம்மன் அந்தத் தலையை எடுத்துக்கொள்வாள் என்று பேச்சு.

அப்படி எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. எடுக்க மாட்டாள் என்று யாரும் சொன்னதும் இல்லை.

"எதை விட்டே?"

"மூக்குப்பொடிங்க."

கத்திச் சாமி அப்போதுதான் நிமிர்ந்தார்.

"மூக்குப்பொடிக்கா?"

"பக்கத்து வூட்டு நாச்சிமுத்து, மாமியா தலைல அடிச்சுச் சுருட்டை விட்டானுங்க. ஊரே சிரிச்சுது. நம்ம சத்தியம் சத்தியமா இருக்கணும்னு நான் புள்ள தலைல அடிச்சேன். எல்லாரும் பாத்தாங்க. பூசாரி கூட, மாரப்பன் மனுசன்னு சொன்னாரு."

"எத்தனை நாள் தாங்குச்சு?"

"ஆறு நாளுங்க."

"ம்."

"வைக்கோல் போருக்குப் பின்னால. ஒரே ஒரு சிட்டிகை."

"அப்புறம்?"

"அப்புறம் தினமும்."

கத்தி மறுபடி கல்லில் ஏறி இறங்கியது.

அந்த வருஷம் முழுக்க மாரப்பன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். மகளை ஏரிப்பக்கம் விடவில்லை. புளியமரத்து ஊஞ்சல் கயிற்றை அறுத்தான். மாடு கட்டின இடத்துக்கு அவள் போனால் பின்னாலேயே போனான். இடி இடித்தால் கதவைச் சாத்தி அவள்மேல் கவிழ்ந்துகொண்டான். அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பான். மூச்சு வரும். அப்பாடா என்று வெளியே வந்து, மடியிலிருந்து டப்பியை எடுத்து ஒரு சிட்டிகை போடுவான்.

பயம் கூடக் கூடப் பொடியும் கூடிற்று.

"வெயில் சாயுதுங்க சாமி," என்றான். "சத்தியம் பண்ணினப்ப இருந்த அதே முடிங்க. ஒரு இணுக்கு கூட வெட்டல. எடுத்துப் போட்டுட்டா அம்மன் வந்து எதைத் தொடுவா? நீங்க வழிச்சு விட்டுருங்க."

கத்திச் சாமி கையைத் துடைத்துக்கொண்டார். வேப்பமரத்தைப் பார்த்து, "இங்க வா அம்மிணி," என்றார்.

மகள் பூவாயி எழுந்து, அப்பா முகத்தைப் பார்த்து, அவன் தலையசைத்த பிறகு நடந்து வந்தாள். அந்தப் பத்தடிக்குள் மாரப்பன் இரண்டு தரம் கை நீட்டினான்.

சாமி அவளைக் கல்லில் உட்காரவைத்தார். கிண்ணியில் சுனைத்தண்ணீர் மொண்டார். இரட்டைச் சடையை அவிழ்த்துவிட்டார். நல்ல கருகருவென்ற முடி.

"எதுக்கு மொட்டைன்னு தெரியுமா?"

"வேண்டுதல்னு அப்பா சொன்னாருங்க."

"வேண்டுதலா?"

பூவாயி தன் கால்விரலைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தானுங்களே சாமி?"

"என்ன இன்னைக்கு?"

"நான் சாகறது."

மாரப்பன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு கண்ணு சொன்னா உனக்கு?" என்று கேட்டான்.

"யாரும் சொல்லலீங்கப்பா. நீங்க போருக்குப் பின்னால தும்மினீங்க. நான் இந்தப் பக்கம் கோழிமுட்டை தேடிட்டு இருந்தேன். நூறுன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன்."

யாராவது தும்மினால் அந்தப் பக்கத்தில் நூறு என்பார்கள். நூறு வயசு இருக்கட்டும் என்று.

"அம்மாகிட்டச் சொல்லலையா?"

"சொன்னா உங்களைத் திட்டுமில்ல?"

"வருசம் பூராத் தெரியுமா உனக்கு?"

"மூக்குகிட்ட வெரலை வெப்பீங்களே, அப்ப முழிச்சுட்டுத்தான் இருப்பேன். வெரல்ல பொடி வாசம் அடிக்கும். இன்னைக்கும் விடலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

பிறகு, வீட்டு வேலை முடிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"என் சோழியெல்லாம் வள்ளிக்குக் குடுத்துட்டேன். ஆட்டுக்குட்டிய மட்டும் இன்னும் யாருக்கும் சொல்லல."

மாரப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கத்திச் சாமி அவள் முன்னால் குந்தினார்.

"அம்மன் உங்கிட்ட ஏதாச்சும் கேட்டாளா?"

"இல்லீங்க."

"நீ அவகிட்ட ஏதாச்சும் தர்றேன்னு சொன்னியா?"

"இல்லீங்க."

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருக்கு?"

பூவாயி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

"ஒண்ணுமில்லீங்க."

"எந்திரி."

அவள் எழுந்தாள்.

"மாரப்பா, நீ உட்காரு."

அவன் எழுந்து வந்து கல்லில் உட்கார்ந்தான். சாமி கிண்ணியைப் பூவாயி கையில் கொடுத்தார்.

"தண்ணி தொட்டு அப்பா தலையை நனை."

அவள் நனைத்தாள். உச்சியில், காதோரத்தில், பிடரியில். தண்ணீர் முதுகில் வழிந்தது. யாராவது தலையைத் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போது சாமி சொன்னார்:

"கையை அப்படியே வெச்சுக்க அம்மிணி. நாளைக்கு வருசம் பொறக்குது. நீயும் ஒண்ணை விடறேன்னு சொல்லு."

மாரப்பன் இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டான்.

"எதைங்க?" என்றாள் பூவாயி.

"உனக்கு எது விட முடியாதோ அதை."

"புளியங்கா."

"சொல்லு. ஒரு வருசத்துக்குத் தொட மாட்டேன்னு."

மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டான். வீட்டு வாசலிலேயே புளியமரம். கிளை கைக்கெட்டும். அவள் பாவாடை முடிச்சில் இப்போதே நாலு காய் இருக்கும், அவனுக்குத் தெரியும். ஒன்பது வயசுப் பிள்ளை. எத்தனை நாள் தாங்குவாள்? ஆறா? அதுவும் வேண்டாம், நாளைக்குக் கோயிலிலிருந்து வருகிற வழியில் வள்ளி ஒன்றை நீட்டினால்?

தலைமேல் இருந்த கை சின்னக் கை. ஆனால் கழுத்து அதைத் தாங்கவில்லை.

"கண்ணு," என்றான். "சொல்லாத கண்ணு."

கை எடுபட்டது.

"வேண்டாங்க சாமி," என்றாள் பூவாயி.

"ஏன்?"

"மறந்து தின்னுப்புட்டா?"

பாவாடை நுனியால் அப்பாவின் தலையைத் துவட்டிவிட்டாள். முடிச்சு அவிழ்ந்து புளியங்காய்கள் கல்லில் உருண்டன. குனிந்து பொறுக்கிக்கொண்டாள். ஒன்றைச் சாமிக்கு நீட்டினாள். அவர் வாங்கிக் கடித்து, முகத்தைச் சுளித்து, சடை பின்னுவதற்கு அவளைத் திருப்பி நிறுத்தினார்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

சாமி கத்தியைத் துணியில் சுற்றினார்.

"சாமி," என்றான் மாரப்பன். "நாளைக்குக் காலைல கற்பூரம் ஏத்துவாங்க. நான் யார் தலைமேல கை வெக்கட்டும்?"

அவர் காதில் விழுந்ததோ என்னவோ. புளியங்காயைக் கடித்தபடி மலைக்கோயில் படியேறிப் போய்விட்டார்.

"போலாங்கப்பா," என்றாள் பூவாயி.

அவன் வழக்கம்போலக் கை நீட்டினான். அவள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். வெறுங்கால். கல்லும் முள்ளும் உள்ள பாதை. பாதி இருட்டு. அவன் கூப்பிட வாயெடுத்தான், கூப்பிடவில்லை.

தலையில் இன்னும் ஈரம் இருந்தது. துடைத்துவிடலாம் என்று கையைத் தூக்கி உச்சியில் வைத்தான்.

வைத்த கை அங்கேயே நின்றது.

சுனை சத்தமில்லாமல் இருந்தது. மடியில் டப்பி இருந்தது. மாரப்பன் அசையாமல், தன் தலையைத் தானே பிடித்துக்கொண்டு, யாரோ இருட்டில் நாள் எண்ணிக்கொண்டிருப்பதைக் கேட்பவன்போல நின்றான்.

"அப்பா..." என்று திருப்பத்திலிருந்து குரல் வந்தது.

கையை இறக்கிக்கொண்டு நடந்தான்.